டெஸ்ட் பட்டன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

பல பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும். ஆனால், மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் எர்த் ஒயர் இருக்காது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டு மட்டும்தான். ‘இந்த வீட்டில் ஆர்.சி.சி.பி. மாட்டினால் வேலை செய்யுமா?’ என்ற சந்தேகம் வருவது இயல்பு.

வேலை செய்யும். ஃபேஸில் போகும் கரன்ட் அப்படியே நியூட்ரலில் திரும்புகிறதா என்றுதான் அது பார்க்கிறது. வீடுகளுக்கான ஆர்.சி.சி.பி., 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இந்தக் கசிவு தெரியவே தெரியாது.

மாதம் ஒருமுறை, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, அதிலுள்ள ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்துங்கள். லிவர் உடனே கீழே விழ வேண்டும். விழவில்லையா? எலெக்ட்ரீஷியனை அழைத்து மாற்றிவிடுங்கள்; தள்ளிப்போட வேண்டாம்.

இங்கேதான் ஒரு குழப்பம். இந்த பட்டனுக்கு எர்த் தேவையில்லை. அதனால் லிவர் விழுந்தது என்பதற்காக வீட்டில் எர்த் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பிளக்கில் செருகும் டெஸ்டர் வேறு ரகம். அது எர்த் துளை வழியாகத்தான் கரன்ட்டைக் கசியவிடும். எர்த் இல்லாவிட்டால் ஆர்.சி.சி.பி. விழாது. அதற்காக ஆர்.சி.சி.பி. கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

அப்படியானால் எர்த் எதற்கு? வாஷிங் மெஷின் பாடியில் கரன்ட் கசிந்தால், எர்த் உள்ள வீட்டில் அந்த நொடியே டிரிப் ஆகும். எர்த் இல்லாத வீட்டில், யாராவது தொடும்வரை அந்தக் கசிவு காத்திருக்கும். தொட்டவருக்கு ஷாக் அடித்த பிறகுதான் லிவர் விழும். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டுவிட்டால், அதுவும் விழாமல் போகலாம்.

‘நியூட்ரலையே எர்த் பின்னில் இணைத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால், மெஷின் பாடியில் 230 வோல்ட் நிற்கும்.

பட்டனை நீங்களே அழுத்திப் பார்க்கலாம். எர்த்தை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன்தான் அளந்து சொல்ல வேண்டும். வீடு முழுக்க ஒயரிங் மாற்ற இப்போது வசதிப்படாவிட்டால், கீசர், வாஷிங் மெஷின், கிரைண்டர், ஃப்ரிட்ஜ் பாயின்ட்டுகளுக்காவது முதலில் எர்த் இழுத்துவிடுங்கள். ஈரக்கையோடு தொடுவது அவற்றைத்தானே!