வெப்பமானிக்குக் காய்ச்சல் அடிக்குமா?



பாட்டிக்குப் புற்றுநோய் என்று தெரிந்து வீடே கலங்கி நிற்கிறது. மருத்துவ அறிக்கையை உங்களிடம் நீட்டி, "செல்போனிலே கேட்டுச் சொல்லு கண்ணு, நான் பிழைப்பேனா?" என்கிறார் பாட்டி. சாட்பாட்டிடம் கேட்கலாமா?

இயந்திரத்திடம் மனம் திறப்பது புதிதன்று. 1966ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம், 'எலைசா' என்னும் கணிப்பொறி நிரலை வெளியிட்டார். மனநல மருத்துவரைப் போல அது உரையாடும். பெரும்பாலும் நாம் சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பிக் கேட்கும், அதுதான் சூட்சுமம். அது வெறும் நிரல் என்று அறிந்திருந்த அவருடைய செயலாளரே, அதனுடன் தனியாகப் பேச வேண்டுமென்று அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம்!

இன்றைய சாட்பாட் பன்மடங்கு திறமையானது. ஏராளமான நூல்களிலும் கட்டுரைகளிலும் பயிற்சி பெற்று, அடுத்து வரத்தக்க சொல் எது என்று நிகழ்தகவின்படி கணக்கிடுகிறது. 2023இல் ஓர் ஆய்வு நடந்தது. இணையத்தில் பொதுமக்கள் கேட்ட 195 மருத்துவக் கேள்விகளுக்கு மருத்துவர்கள் எழுதிய பதில்களையும் சாட்ஜிபிடியின் பதில்களையும், எழுதியவர் யாரென்று சொல்லாமல் மருத்துவத் துறையினரிடம் காட்டினார்கள். நூற்றுக்கு 78 தடவைக்கு மேல் இயந்திரத்தின் பதிலே சிறந்ததென்றார்கள். கனிவிலும் அதுவே முந்தியது. ஆனால் மருத்துவர் பதிலின் சராசரி நீளம் 52 சொற்கள், இயந்திரத்தினுடையது 211. கனிவு என்று நாம் காண்பதில் ஒரு பங்கு, பொறுமையாகப் பேசக் கிடைத்த நேரம் அல்லவா? நம் மருத்துவர்களுக்கும் அந்த நேரம் கிடைக்க வேண்டும்.

அதே ஆண்டு அமெரிக்காவில் இன்னொன்றும் நடந்தது. உணவை வெறுத்து உயிரையே இழக்கக்கூடிய நோயுள்ளவர்களுக்கு உதவ வைத்திருந்த 'டெஸ்ஸா' என்ற சாட்பாட், எடையைக் குறைக்க யோசனை சொன்னது! புகார் எழுந்ததும் அதை நிறுத்தினார்கள். தவறுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்களே, டெஸ்ஸா அன்று.

வெப்பமானி காய்ச்சலை அளக்கும். அதற்குக் காய்ச்சல் அடிக்காது. அதனால் வெப்பமானியை வெறுக்கிறோமா? இல்லை. அதன் வேலையை மட்டும் அதனிடம் வாங்குகிறோம். சாட்பாட்டிடமும் அப்படியே இருப்போம். அறிக்கையிலுள்ள கடினமான சொற்களுக்குப் பொருள் கேளுங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைப் பட்டியலிடுங்கள். "பிழைப்பேனா?" என்பதற்கு மட்டும், பாட்டியின் முகத்தைப் பார்த்து, சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்கும் ஒருவர் பதில் சொல்லட்டும். அப்போது நீங்களும் பாட்டியின் பக்கத்தில் இருங்கள்.