ஊசியும் வரிசையும்

தடுப்பூசி நோயைத் தடுக்கும் என்பதை நம்மில் எவரும் மறுப்பதில்லை. ஆயினும், அதைப் போட்டுக்கொள்ளச் சென்ற இடத்திலேயே நோயை வாங்கிக்கொண்டு திரும்பினால் என்ன பயன்? சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். ஊசி சித்திரமென்றால், அதைப் போடும் இடத்தின் தூய்மையும் ஒழுங்குமே சுவர்.

ஊசியின் தூய்மையைப் பற்றி இந்நாடு கற்ற பாடம் பழையது, விலை மிகுந்தது. 1902 அக்டோபர் 30ஆம் நாள், பஞ்சாபில் முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஹாஃப்கின் கண்டறிந்த பிளேக் தடுப்பு மருந்து செலுத்தப்பட்டது. அவர்களுள் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் இசிவு நோய்க்கு இரையாயினர். பழி ஹாஃப்கின்மேல் விழுந்தது. புட்டியைத் திறக்கும்போது தரையில் விழுந்த இடுக்கி, முறைப்படி தூய்மை செய்யப்படாமலே மீண்டும் கையாளப்பட்டது என்னும் செய்தி பின்னரே வெளிச்சத்துக்கு வந்தது. 1907இல் அவர்மீதிருந்த பழி நீங்கியது. போன உயிர்கள் திரும்பவில்லை.

இன்று ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போடலாகாது என்பது எல்லாரும் அறிந்த விதி. ஊசிக்கு வந்த இந்த ஒழுங்கு, ஊசிக்காக நிற்கும் வரிசைக்கு வந்துவிட்டதா?

2021 ஜனவரி 16இல் கொரோனாத் தடுப்பூசிப் பணி தொடங்கியபோது அரசு வகுத்த நெறிகளைப் பாருங்கள். காத்திருக்க ஓர் அறை, ஊசி போட ஓர் அறை, போட்டபின் 30 நிமிடம் அமர்ந்திருக்க ஓர் அறை. ஓர் அமர்வுக்கு 100 பேர். பணி செய்வோர் ஐவர். அவருள் இருவர் கூட்டத்தைச் சீர்செய்வதற்கும், ஊசி போட்டுக்கொண்டோர் அரை மணி இருந்து செல்கின்றனரா என்று பார்ப்பதற்குமே! கூட்டத்தை ஒழுங்குசெய்வதும் மருத்துவத்தின் ஒரு பகுதி என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

ஆனால் இரண்டாம் அலை பெருகியபோது மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. ஏப்ரல் இறுதியில் கையிருப்பு இல்லாமல் மும்பையில் ஊசி போடுவதையே மூன்று நாள் நிறுத்த நேர்ந்தது. இன்று மருந்து உண்டா, எத்தனை பேருக்கு உண்டு என்று அறியாத மக்கள் வாயில்களில் திரண்டு நின்றனர். ஊசி போட்ட அன்றே உடலில் காப்பு வந்துவிடுவதில்லை. இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். எனவே வரிசையில் தொற்றிய நோயை, அன்று போட்ட ஊசி தடுக்காது.

‘நம் மக்களுக்கு ஒழுங்கு தெரியாது’ என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் உண்டு. நான் அதனை ஒப்பமாட்டேன். விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம் ரயில் நிலையத்தில் காண்பது என்ன? இருக்கை எண் பெற்றவர் அமைதியாக ஏறுகிறார். முன்பதிவு இல்லாத பெட்டியின்முன் நிற்பவரோ முண்டியடிக்கிறார். இருவரும் ஒரே நாட்டு மக்கள்தாமே! கிடைக்குமோ கிடைக்காதோ என்னும் அச்சமே மனிதனை நெருக்கித் தள்ளுகிறது. அச்சத்தை நீக்கினால் நெரிசல் தானே நீங்கும்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. இன்று இத்தனை பேருக்கு மருந்து உண்டு என்று காலையிலேயே வாயிலில் எழுதி வைக்கட்டும். நேரம் குறித்த சீட்டுக் கொடுக்கட்டும். உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி இருக்கட்டும். காற்றோட்டமான இடத்தில், முதியவர் அமர நாற்காலி போடட்டும். காய்ச்சலோடு வந்தோர் காத்திருக்கும் தாழ்வாரத்தில் ஊசிக்கு வந்தோரையும் நிறுத்தலாகாது. தட்டம்மைக் கிருமி, நோயாளி எழுந்து சென்ற பின்னும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் இருக்கவல்லது. அந்த அம்மைக்கே ஊசி போட வந்த ஒன்பது மாதக் குழந்தையை அங்கே நிறுத்துவது எவ்வளவு பெரிய பேதைமை!

மாணவ நண்பர்களே, இவற்றுள் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மொழி தெரியாத ஊரில், ஒலிபெருக்கி சொல்வது விளங்காமல், முன்னால் நிற்பவர் நகர்ந்தால் தானும் நகர்ந்து நிற்பவன் படும் பாட்டை நாம் அறிவோம். இவ்வளாகத்தின் உணவு விடுதிகளிலும் கட்டட வேலைகளிலும் அப்படிப் பிற மாநிலத்திலிருந்து வந்தோர் எத்தனை பேர்! அடுத்த முறை இங்கு ஊசி முகாம் நடக்கும்போது, நம் சங்கத்தின் சார்பில் பத்துப் பேர் முன்வரட்டும். சீட்டுக் கொடுக்கவும், அறிவிப்பைப் பல மொழிகளில் எழுதவும், அரை மணி இருந்து செல்லுங்கள் என்று இன்சொல்லால் சொல்லவும் மருத்துவப் பட்டம் வேண்டுமா? பொங்கல் விழாவில் ஆயிரம் பேருக்கு முகம் கோணாமல் பந்தி நடத்தத் தெரிந்த நமக்கு, நூறு பேரை வரிசையில் நிறுத்துவது அரிய செயலன்று. ஊசி போடும் கை செவிலியருடையதாக இருக்கட்டும். வரிசையைக் காக்கும் கை நம்முடையதாக இருக்கட்டும்.