குறி தவறாதவன்

தென்காசி அன்பர் ஒருவர் கேட்கிறார்: மறைந்திருந்து குறி தவறாமல் சுடுகிறவனை ஆங்கிலத்தில் ‘ஸ்நைப்பர்’ என்கிறார்களே, தமிழில் அதற்குச் சொல் உண்டா? செங்கோட்டை வாஞ்சிநாதனை அப்படிச் சொல்லலாமா?

முதலில் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். அது பிறந்தது நம் தேசத்திலேதான்! ‘ஸ்நைப்’ என்பது உள்ளான் குருவி. குளிர் காலத்தில் வடக்கேயிருந்து வந்து, குளத்தோரச் சேற்றில் நீண்ட அலகை நுழைத்துப் புழு தேடும். கலைத்தால் வளைந்து நெளிந்து பறக்குமாதலால் அதைச் சுட்டு வீழ்த்துவது அரிது. (இன்று சுட்டால் சட்டப்படி குற்றம்.) பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் இந்த வேட்டையை ஒரு வினைச் சொல்லாகவே வழங்கினார்கள். பறவைக்கு ஏற்பட்ட சொல் பிற்பாடு மனிதன் மேல் திரும்பிற்று.

தமிழில் வில்லுக்குக் குறைவில்லை. ஓரே அம்பில் யானை முதல் உடும்பு வரை ஐந்து பிராணிகளை வீழ்த்திய வல்வில் ஓரியை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். துப்பாக்கியோ பிற்காலத்தது, பெயரும் துருக்கியிலிருந்து வந்தது. ஈழத்தார் அதைத் ‘துவக்கு’ என்பர். சரி, ‘குறிகாரன்’ என்று சொல்லிவிடலாமே என்றால், குறவஞ்சி பிறந்த குற்றாலத்தில் அதைக் கேட்டவர்கள் கையை நீட்டிப் பலன் கேட்பார்கள்! ‘இலக்காளன்’ என்றால் லக்ஷியவாதி போலத் தொனிக்கிறது. ‘பதுங்கிச் சுடுவோன்’ என்பது நீளந்தான். ஆயினும் கேட்டவுடன் விளங்குகிறது. நாம் அதையே எழுதுவோம்.

இனி வாஞ்சி. புதுச்சேரியில் வ. வே. சு. ஐயரிடம் துப்பாக்கி பழகினான் என்பர். 1911-ஆம் வருஷம் ஜூன் மாதம் 17-ந் தேதி, மணியாச்சி ஜங்ஷனில் நின்ற ரயில் வண்டிக்குள், மனைவியுடன் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஆஷை மிக நெருங்கி நின்று சுட்டான். அவ்வளவு அருகில் குறி தவற இடமேது? உடனே நிலையத்துக் கழிவறையில் புகுந்து தன்னையும் சுட்டுக்கொண்டான். செய்கையை வீரமென்பாரும் கொலையென்பாரும் உண்டு. வ. உ. சி.யின் கப்பலும் சிறையும் நினைவுள்ள நமக்கு அவன் கோபம் விளங்குகிறது. வண்டியிலிருந்த அந்த மனைவியையும் மறக்க முடியவில்லை. எப்படியாயினும் அவன் பதுங்கிச் சுட்டவனல்லன். அன்பர் கேட்ட சொல் அவனுக்குப் பொருந்தாது.