பெரிய பெருமாளுக்கு நிலம் உண்டு, காவிரிக்கு?

ஸ்ரீரங்கத்துப் பெரிய பெருமாள் பெயரில் நிலம் இருக்கிறது. யாராவது வளைத்துப் போட்டால் அவர் பெயரிலேயே வழக்குப் போடலாம். தெய்வம் சட்டப்படி ஒரு நபர் என்பதை 1925-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் கல்கத்தாக் குடும்பமொன்றின் வழக்கில் உறுதிசெய்துவிட்டது. தனக்காகத் தானே பேச முடியாததால் மைனர் பிள்ளைக்குக் கார்டியன் போல இன்னொருவர் கோர்ட் படியேறுவார். ஆதிசேஷன் மேல் பள்ளிகொண்டவரை மைனர் என்றால் கோயிலில் பாசுரம் பாடும் எந்த அரையரும் ஒப்பமாட்டார். ஆனாலும் அவருக்கு நிர்வாகம் உண்டு, கணக்கு உண்டு, கேள்வி கேட்க ஆள் உண்டு.

அவரை இரு பக்கமும் அணைத்து ஓடும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இதில் ஒன்றுமில்லை. ஆடியில் அவருடைய உற்சவ மூர்த்தியான நம்பெருமாள் காவிரிக் கரை அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி காவிரித் தாயாருக்குச் சீர் கொடுக்கிறார். பட்டு, தாலி, மாலை எல்லாம் யானைமேல் வரும். சீர் உண்டு, சொத்துதான் இல்லை. நம் வீட்டுப் பெண்களுக்கும் வெகுகாலம் இதே கதைதானே!

2022 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை (திருச்சி வழக்குகளும் அங்கேதான் போகின்றன) இயற்கை அன்னையை உரிமையுள்ள சட்ட நபர் என்று அறிவித்தது. நீதிபதி எஸ். ஸ்ரீமதியின் அந்தத் தீர்ப்பு உலகச் செய்தியானது. வழக்கு என்னவோ சின்னது: மேகமலையில் வன நிலத்துக்குப் பட்டா கொடுத்த வருவாய்த்துறை அதிகாரிக்குக் கட்டாய ஓய்வு, அதை எதிர்த்து அவர் போட்ட மனு. தண்டனையைச் சம்பள உயர்வு நிறுத்தமாகக் குறைத்த அதே உத்தரவில்தான் இயற்கைக்கு உயிரும் உரிமையும் வந்தன. அன்னைக்குப் பட்டம், அவள் நிலத்தைப் பிறருக்கு எழுதிக் கொடுத்தவருக்குச் சலுகை. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு கொள்ளிடத்தில் ஒரு லோடு மணலை நிறுத்த முடியுமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் நபர்களாக்கியபோது அந்த மாநில அரசே பதறிப்போய் உச்ச நீதிமன்றம் ஓடியது. வெள்ளத்தில் ஆள் செத்தால் ஆற்றின் மேல் நஷ்டஈடு கேட்பார்களே, யார் கட்டுவது என்பது அதன் கேள்விகளில் ஒன்று. ஜூலையில் தடை கிடைத்தது. 1977 வெள்ளம் கண்ட திருச்சிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றாது.

அதே 2017-இல் நியூசிலாந்து வாங்கநுயி ஆற்றை நபராக்கியது. ஆனால் சும்மா அறிவித்துவிட்டுப் போகவில்லை. ஆற்றின் சார்பில் பேச இருவர், ஒருவரை அரசும் மற்றவரை மாவோரி மக்களும் நியமிக்கிறார்கள். செலவுக்கு 3 கோடி நியூசிலாந்து டாலர் நிதியும் ஒதுக்கினார்கள். நம் பெருமாளுக்கு இருப்பதுபோல ஆளும் பணமும்.

காவிரிக்கு இப்படி ஒன்று ஏற்கெனவே பாதி இருக்கிறது, யாரும் அதைப் பேசுவதில்லை. 2007-இல் நடுவர் மன்றம் 740 டிஎம்சியைப் பங்கிட்டபோது சுற்றுச்சூழலுக்கென 10 டிஎம்சியும், தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4 டிஎம்சியும் தனியே வைத்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், நாடுகளிடையே நதிநீர் பகிர்வதற்கான 1966 ஹெல்சிங்கி விதிகளையெல்லாம் எடுத்துப் பேசி, தமிழ்நாட்டின் பங்கில் கைவைத்தது. கர்நாடக எல்லையில் பிலிகுண்டுலுவில் நமக்கு வரவேண்டியது 192-லிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைந்தது. இந்த 14-ஐத் தொடவில்லை. என் கணக்கில் எந்த ‘நபர்’ பட்டத்தையும்விட இந்தப் பதினாலுதான் பெரிய உரிமை. அளந்து சொன்ன உரிமை.

ஆனால் முக்கொம்பில் மதகு திறந்து கொள்ளிடத்தில் தண்ணீர் போனாலே ‘வீணாய்க் கடலுக்குப் போகுதே’ என்று திருச்சி டீக்கடைகள் வயிறெரியும். 2018 ஆகஸ்டில் அங்குள்ள மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போனபோதும் ஊர் அதிகம் கவலைப்பட்டது ஓடிய தண்ணீருக்காகத்தான். அடியில் மணல் போன கொள்ளிடத்துக்காக அழுதவர்கள் குறைவு.

அந்த ஆண்டு ஜூனில் அமைந்த காவிரி நீர் மேலாண்மை ஆணையத்தில் கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி நால்வருக்கும் நாற்காலி உண்டு, மத்திய அரசுக்கும் உண்டு. அந்த 14 டிஎம்சிக்காகப் பேசுவதே வேலையாக ஒருவரை அங்கே உட்காரவைக்கப் புதிய சட்டத் தத்துவம் எதுவும் தேவையில்லை, ஒரு திருத்தம் போதும்.