டாக்டர் கேட்காத கேள்வி

கோவை வட்டாரத்து மில் பகுதி ஒன்றில் இருக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகத்தைப் பார்வையிட்ட அதிகாரிகள், "சேவை சிறப்பாக நடைபெறுகிறது" என்று திருப்தி தெரிவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடித்தாயிற்று. டோக்கன் கொடுக்கும் யந்திரம் வந்தாயிற்று. நாளொன்றுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கும் ஏறியாயிற்று. இவையெல்லாம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வெள்ளையடித்த சுவர் யாருடைய இருமலைத் தீர்த்தது என்றுதான் கேட்கிறோம்.

இதே மருந்தகத்துக்கு, கார்டிங் பகுதியில் வேலை செய்யும் ஒரு தோழர் மாதக்கணக்கில் நடந்தார். நெஞ்சு இறுகும், இருமல் வரும். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள்தான் மூச்சுத் திணறல் அதிகம். வாரம் போகப் போகச் சற்றுத் தணியும். ஒவ்வொரு தடவையும் அவருக்குக் கிடைத்தது இருமல் மருந்தும், சில மாத்திரைகளும், "பீடியை விடு" என்ற உபதேசமும். அவர் பீடி பிடிப்பவரே அல்ல! அவருடைய சீட்டுகளை நாம் வாங்கிப் பார்த்தோம். ஏழு சீட்டுகள். ஒன்றில்கூட அவர் என்ன வேலை செய்கிறார் என்று எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

1700-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் டாக்டர் கேட்க வேண்டிய கேள்விகளில் "உன் தொழில் என்ன?" என்பதும் சேர வேண்டும் என்றார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சு நோய்க்குப் பிஸினோசிஸ் என்று பெயர். விடுமுறைக்குப் பிந்திய முதல் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் அடையாளம். 1948-ஆம் வருஷத்து இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையில் அது தொழில்நோய் என்று பெயரோடு இடம்பெற்றது. தொழிலாளிக்காகவே ஏற்பட்ட மருந்தகத்தில் தொழிலைப் பற்றியே பேச்சில்லை என்றால் அது என்ன வைத்தியம்?

இது வெறும் மரியாதைப் பிரச்னை அல்ல. கூலிப் பிரச்னை. சாதாரண நோய் என்று எழுதினால் உதவித் தொகை கூலியில் 70 சதவிகிதம். அதுவும் வருஷத்தில் 91 நாட்கள் வரைதான். தொழில்நோய் என்று நிரூபணமானால், வேலை செய்ய இயலாத காலத்துக்கு 90 சதவிகிதம். நோய்க்குக் காரணம் தூசி என்று ஏட்டில் ஏறிவிட்டால், தூசியை உறிஞ்சும் சாதனம் ஏன் சரியாக ஓடவில்லை என்ற கேள்வியும் மில் கேட்டுக்கு வந்து நிற்கும். அப்படியானால் கேள்வி கேட்கப்படாததில் லாபம் யாருக்கு?

இதற்குச் சொல்லப்படும் சால்ஜாப்புகளைப் பார்ப்போம்.

"கூட்டம் அதிகம், டாக்டருக்கு நேரமில்லை" என்கிறார்கள். உண்மைதான். 67 நாடுகளின் நிலைமையைத் திரட்டி 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரு நோயாளிக்கு டாக்டர் தரும் நேரம் சுமார் 2 நிமிடம் என்றது. ஸ்வீடனில் அது 22 நிமிடத்துக்கு மேல். நாம் டாக்டர்களைப் பகைவராகக் கருதவில்லை. அவர்களும் சுமை தாங்காமல் திணறுகிறார்கள். காலியான இடங்களை நிரப்பாதவர்கள் யார்? மருந்தகத்தை நடத்துவது மாநில சர்க்கார். ஒரு வரம்புக்குள் செலவில் எட்டில் ஏழு பங்கு தர வேண்டியது இ.எஸ்.ஐ. கழகம். கேட்டால் இவர் அவரைக் கைகாட்டுகிறார், அவர் இவரைக் கைகாட்டுகிறார்.

"இலவச வைத்தியத்துக்கு இவ்வளவுதான்" என்கிறார்கள். எது இலவசம்? 2019 ஜூலையில் நிர்ணயித்த விகிதப்படி தொழிலாளி தருவது கூலியில் 0.75 சதவிகிதம், முதலாளி தருவது 3.25 சதவிகிதம். மாதம் 12,000 ரூபாய் கூலிக்கு 90-ம் 390-ம் சேர்ந்து 480 ரூபாய். ஆயிரம் தொழிலாளிகளுக்கு வருஷத்தில் 57,60,000 ரூபாய்! பெரிய ஆஸ்பத்திரியும், பிரசவ உதவியும், மற்ற உதவித் தொகைகளும் இதற்குள் அடக்கம் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் இது பிச்சை அல்ல. முன்பணம் கட்டி வாங்கிய உரிமை. முதலாளியின் பங்கை 4.75-லிருந்து 3.25 ஆகக் குறைத்ததும் அதே 2019-ல்தான் என்பதையும் நினைவுபடுத்துகிறோம்.

"தனியாரிடம் விட்டுவிட்டால் சரியாகிவிடும்" என்கிறார்கள் சிலர். தனியார் கிளினிக்கில் தொழிலாளி ஒரு வாடிக்கைக்காரர். அவர் வேலை செய்யும் இடத்தின் தூசியை அடக்குவதால் அந்தக் கிளினிக்குக்கு என்ன வருமானம்?

நம்முடைய குறையையும் ஒப்புக்கொள்வோம். ஊசி போட்டால் நல்ல டாக்டர், போடாவிட்டால் மட்டமான டாக்டர் என்று நம் தோழர்களே பேசுகிறார்கள். சங்கக் கூட்டங்களில் மருந்துத் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இந்தக் கேள்வியை நாமும் எழுப்பவில்லை. இனி எழுப்புவோம்.

நமது கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு சீட்டின் தலைப்பிலும் நோயாளியின் வேலை, பகுதி, எத்தனை வருஷம் என்பது எழுதப்பட வேண்டும்.

2. தூசிப் பகுதித் தொழிலாளர்களுக்கு வருஷம் ஒரு முறை மூச்சுப் பரிசோதனை நடத்த வேண்டும்.

3. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை கட்டாயம் வேண்டும்.

4. ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் அளந்து பார்த்து, ஒரு மாத மருந்தைக் குறையாமல் தர வேண்டும்.

5. காலி இடங்களை நிரப்ப வேண்டும். அதிகாரிகள் பார்வையிடும்போது தொழிலாளர் பிரதிநிதிகளும் உடனிருக்க வேண்டும்.

அந்தக் கார்டிங் தோழர் இன்றும் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் ஷிப்டுக்குப் போகிறார். ஆகவே தோழர்களே, இந்த மாதம் முழுவதும் மருந்தக வாசலில் நிற்போம். வெளியே வரும் ஒவ்வொருவரிடமும் ஒன்றே ஒன்று கேட்போம்: "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டாரா?" ஆம் என்றவர் எத்தனை பேர், இல்லை என்றவர் எத்தனை பேர் என்று எழுதி அதிகாரிகளின் மேஜையில் வைப்போம். மருந்தகத்தின் தரத்துக்கு அதுவே கணக்கு.