ரிம் டிசைனை விடுங்க, நம்பரைப் பாருங்க

கூடப் படிக்கிற நண்பன் ஒருத்தன், அவங்க சித்தப்பாவோட ஸ்விப்ட்டுக்கு 17 இன்ச் அலாய் வீல் மாட்டினான். சும்மா சொல்லக்கூடாது, வண்டி நிக்கிறப்போ அப்படி ஒரு அழகு. காலேஜ் வாசல்ல ஆளாளுக்கு போட்டோ எடுத்தாங்க (நானும்தான்). அதே வாரம் அஞ்சு பேர் ஏறி சேலத்துலேருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். அந்தப் பாதையில 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுலயும் பின்பக்கம் "சர்ர்ர்"னு ஒரு சத்தம். பாட்டு சத்தத்தைக் கூட்டி வச்சோமே தவிர ஒருத்தனும் இறங்கிப் பாக்கலை. மேல போய்ப் பாத்தா, பின் டயரோட வெளி ஓரம் ஃபெண்டர் விளிம்புல உரசி உரசி, தேங்காய் துருவின மாதிரி ரப்பர் போயிருக்கு! இறங்கறப்போ பாரம் குறையட்டும்னு மூணு பேர் பஸ்ல வந்தோம்.

"17 போட்டது தப்பு மச்சி, வீல் பெருசாயிடுச்சு, அதான் உரசுது"ன்னான் அவன். நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறாங்க. ஆனா கணக்கு வேற சொல்லுது. பழைய டயர் 185/65 ஆர்15. மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ. புதுசு 205/45 ஆர்17. அதோட விட்டம் 616 மி.மீ. அதாவது புது வீல் 5 மி.மீ. சின்னது! அப்புறம் எப்படி உரசும்?

வில்லன் ஆஃப்செட். ரிம்மோட அகலத்துக்குச் சரியா நடுவுல ஒரு கோடு போடுங்க. ஹப்புல ஒட்டி உக்கார்ற பரப்பு அந்தக் கோட்டுலேருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கோ அதுதான் ஆஃப்செட். ரிம்லயே "ஈ.டி."ன்னு போட்டு பக்கத்துல நம்பர் இருக்கும் (அது ஜெர்மன் வார்த்தையோட சுருக்கம்). நம்பர் குறையக் குறைய வீல் வெளிய வரும், கூடக் கூட உள்ள போகும்.

பழைய ரிம் 5.5 இன்ச் அகலம், ஈ.டி. 45ன்னு வச்சுக்குங்க (உங்க வண்டியில என்னன்னு உங்க ரிம்லயே பாத்துக்குங்க). புதுசு 7 இன்ச், ஈ.டி. 35. அகலம் கூடினதுல ரெண்டு பக்கமும் 19 மி.மீ. வளருது. ஆஃப்செட் 10 குறைஞ்சதால மொத்த வீலும் 10 மி.மீ. வெளிய நகருது. ஆக வெளிப்பக்கம் 29 மி.மீ., கிட்டத்தட்ட மூணு சென்டிமீட்டர்! உள்பக்கம் 9 மி.மீ. கடையில காலி வண்டியா நிக்கிறப்போ ஒண்ணும் தெரியாது. நாலஞ்சு பேர் ஏறி சஸ்பென்ஷன் அமுங்கினதும்தான் டயர் ஃபெண்டரைத் தேடிப் போகும். இது தவிர, வீல் வெளிய போகப் போக பேரிங்குக்கு பளு கூடும், குழியில விழுந்தா ஸ்டியரிங் கையைப் பிடுங்கும்.

கடையில ஒருத்தரும் ஆஃப்செட்னு ஒரு வார்த்தை பேசலை. டிசைன், கலர், விலை, அவ்வளவுதான். என்னைக் கேட்டா, ஈ.டி. எவ்வளவுன்னு கேட்டு பதில் சொல்லத் தெரியாத கடையில ரிம் வாங்கக் கூடாது. ரொம்ப கறார்னு நீங்க சொல்லலாம். ஏற்காடு போயிட்டு வந்து சொல்லுங்க :)

சைஸ் விஷயத்துலயும் எனக்கு ஒரு கருத்து உண்டு. இந்த வண்டிக்கு 16 போதும். 195/55 ஆர்16 போட்டா விட்டம் அதே 621 மி.மீ.க்கு வந்துடும், ஸ்பீடாமீட்டர் குழம்பாது. 6 இன்ச் அகலத்துல ஈ.டி. 45 கிடைச்சா உள்ளயும் வெளியயும் 6 மி.மீ.தான் கூடும். முக்கியமா டயரோட பக்கச்சுவர். 15ல அது 120 மி.மீ., 16ல 107, 17ல வெறும் 92. வெள்ளைக்கோடு கூடப் போடாத நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர்ல அந்த 92 மி.மீ. ரப்பர் எவ்வளவு அடி தாங்கும்? மிச்சத்தை ரிம்தான் வாங்கும். நெளியும்.

இன்னொண்ணு. போல்ட் துளை இந்தக் காருக்கு 4×100. "ரெண்டு மி.மீ.தானே"ன்னு 4×98 ரிம்மை இழுத்துப் பிடிச்சு மாட்டறவங்க இருக்காங்க. நட்டு நேரா உக்காராது, ஓட ஓட லூசாகும். சாமி, அதை மட்டும் செய்யாதீங்க. நடுத் துளையும் அப்படித்தான், ஹப்பு 54.1 மி.மீ., வெளிய வாங்கற ரிம்ல பெரும்பாலும் அதைவிடப் பெருசா இருக்கும். நடுவுல வளையம் கேட்டு வாங்குங்க, இல்லேன்னா 80ல ஸ்டியரிங் ஆடும். மாட்டினதும் பின் சீட்ல மூணு பேரை உக்கார வச்சு, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, மேடு பள்ளத்துல ஒரு ரவுண்டு போயிட்டு வந்து அப்புறம் காசு கொடுங்க.

நண்பன் அந்த 17ஐ பாதி விலைக்குத் தள்ளிட்டு இப்போ 16 தேடறான். நேத்து ஒரு ரிம் போட்டோ அனுப்பி "எப்படி மச்சி?"ன்னான். ஈ.டி. எவ்வளவுன்னு கேட்டேன். "கருப்பு கலர்லயும் இருக்காம்"னு பதில் வந்திருக்கு.