வீடு வாங்கப் போறீங்களா?

சாவி, ஜன்னல், அலமாரி... இந்தச் சொற்களை நமக்குத் தந்த போர்ச்சுக்கீசிய மொழியில், நாளைய திட்டத்தை எப்படிச் சொல்வார்கள்? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

‘வோ கொம்ப்ரார் உமா காஸா’ என்றால் ‘ஒரு வீடு வாங்கப் போகிறேன்’. ‘வோ’ என்பது போகிறேன், ‘கொம்ப்ரார்’ என்பது வாங்க. நாம் ‘வாங்கப் போறேன்’ என்கிறோமே, அதே வழிதான். பேச்சில் அதிகம் புழங்குவது இதுதான்.

‘கொம்ப்ராரெய்’ என்றால் ‘வாங்குவேன்’. இது பெரும்பாலும் எழுத்துக்கும் மேடைக்கும் உரியது. கடைத்தெருவில் சொன்னால் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும்.

மூன்றாவது, ‘எய் தெ கொம்ப்ரார்’. ‘என்றைக்காவது வாங்கியே தீருவேன்’ என்ற பொருள். போர்ச்சுகலில் அதிகம் கேட்கலாம். இதில் மன உறுதி இருக்கும், தேதி இருக்காது! லிஸ்பனில் வாடகைக்குக் குடியிருக்கிறீர்கள், குழாய் ஒழுகுகிறது. சரிசெய்வதாகச் சொல்லும் வீட்டுக்காரர் ‘எய் தெ’ என்று ஆரம்பித்தால், எந்தக் கிழமை என்று கையோடு கேட்டுவிடுங்கள்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு.

ஒன்று, ‘போகப் போறேன்’. இதை அப்படியே ‘வோ இர்’ என்று சொன்னால் ஆசிரியர்கள் திருத்துவார்கள். வெறும் ‘வோ’ போதும். ‘நாளைக்கு ஊருக்குப் போறேன்’ என்று நாமும் நிகழ்காலத்திலேயே சொல்கிறோமே, அது மாதிரி.

இரண்டு, ‘பணம் வரும்போது வாங்குவேன்’ போன்ற வாக்கியங்கள். இன்னும் நடக்காத ‘வரும்போது’வுக்கென்றே போர்ச்சுக்கீசியத்தில் தனி வினைவடிவம் உண்டு. ‘குவாண்டு திவேர் தின்யெய்ரு’ என்றால் ‘கையில் பணம் இருக்கும்போது’. இங்கே ‘தெரெய்’ என்று சாதாரண எதிர்காலத்தைப் போட்டால் தவறு. அண்டை மொழியான ஸ்பானிய மொழியின் அன்றாடப் பேச்சில் இந்த வடிவம் மறைந்துவிட்டது. போர்ச்சுக்கீசியத்தில் குழந்தைகள்கூட இதைச் சரளமாகப் பேசுகிறார்கள்.

ஒரு ஆறுதலும் உண்டு. ‘மணி மூணு இருக்கும்’ என்று எதிர்காலத்தை வைத்து நாம் ஊகிப்பதுபோலவே, அவர்களும் ‘ஸெராவ் த்ரேஸ் ஓரஸ்’ என்பார்கள். இதைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை, தமிழிலேயே இருக்கிறது.

இந்த வாரப் பயிற்சி: நாளைக்குச் செய்யப் போகும் மூன்று வேலைகளை ‘வோ’ போட்டுச் சொல்லுங்கள். ரொம்ப நாளாகத் தள்ளிப்போடும் ஒன்றை மட்டும் ‘எய் தெ’வுக்கு விட்டுவிடுங்கள்!